இடுப்பு ஏறாத ஜீன்ஸும் என் திருகுக் கட்டையும்

துவைத்துச் சுருங்கிப்போன ஜீன்ஸோடு என் கடைக்கு வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் படியேறும்போதே பேண்டைத் திட்ட ஆரம்பித்துவிடும். "இத்தனை காசு குடுத்து வாங்குனதுங்க்கா, ஒரே துவைப்புல இப்படி ஆயிருச்சு." இன்னொரு ரகம் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். "கொஞ்சம் சதை போட்டுட்டனாட்டம் இருக்குதுங்க்கா, பட்டன் மாட்ட முடியல." ரெண்டு பேரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: "எதுலீங்க காய வெச்சீங்க?"

கொடியில்தான் என்று பதில் வந்தால் பெரும்பாலும் சாதாரணச் சுருக்கம். அரை நாள் போட்டுக்கொண்டு நடமாடினாலே இளகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். சதை போட்ட கதையும் சில சமயம் உண்மைதான். டேப்பை எடுத்து ஆளையும் பேண்டையும் அளந்தால் தப்பு யார் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும். வாய்விட்டுச் சொல்வதில்லை, கடை நடக்க வேண்டுமே. "மெஷின்லயே காய்ஞ்சு வந்துருச்சுங்க்கா" என்றால் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன். அதில்தான் வேலை இருக்கிறது.

ஈரோட்டில் ஒரு சந்துக்குள் ஆல்ட்ரேஷன் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் டெஸ்டிங் லேபில் வேலை. அதற்கும் முன்னால் சென்னிமலையில் அப்பாவின் தறி. பெட்ஷீட் நெய்த வீடு. ஆக, துணி சுருங்குவதைப் பற்றி மூன்று இடத்திலும் பேச்சுக் கேட்டு வளர்ந்தவள். அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். யூடியூபில் ஜீன்ஸை இழுப்பது பற்றி வருவதையெல்லாம் பார்த்துவிட்டு, பெல்ட் மாட்டுகிற லூப்பைப் பிய்த்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள் பசங்கள். அவர்களுக்காகவும்தான்.

முதலில், துணி ஏன் சுருங்குகிறது. தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், எப்போதும் விறைப்பாகத்தான் நிற்கும். விறைப்பாக இல்லாவிட்டால் நெய்யவே முடியாது. மில்லுக்குப் போனால் இன்னும் மோசம். சாயம், கஞ்சி, உலர்த்துதல், ஃபினிஷிங் என்று ஒவ்வொரு மெஷினும் துணியை நீளவாக்கில் இழுத்துத்தான் அடுத்த மெஷினுக்குக் கொடுக்கும். அப்படி இழுபட்ட நிலையிலேயே அதை வெட்டி, தைத்து, பட்டன் அடித்து நம்மிடம் விற்றுவிடுகிறார்கள். தண்ணீர் பட்டதும் நூல் தன் பழைய அளவுக்குப் போகிறது. அதாவது, கடையில் வாங்கும்போது இருந்த நீளம்தான் இரவல்.

இது ஒரு பாதி. இன்னொரு பாதி பஞ்சின் குணம். பருத்தி இழை தண்ணீர் குடித்தால் நன்றாகப் பருக்கும், ஆனால் நீளத்தில் பெரிதாகக் கூடாது. நூல் பருத்துவிட்டால் அதன் மேலும் கீழும் ஏறி இறங்கிப் போகிற குறுக்கு நூல் கூடுதலாக வளைய வேண்டும். வளைவதற்கு நீளம் எங்கிருந்து வரும்? துணியின் நீளத்திலிருந்துதான். கயிற்றுக் கட்டில் தொய்ந்துபோனால் வாசலில் போட்டு ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுவார் எங்கள் பாட்டி. கயிறு பருத்து, குறுகி, கட்டில் விண்ணென்று ஆகிவிடும். அதே சங்கதிதான் ஜீன்ஸிலும் நடக்கிறது.

காய்ந்த பிறகு நூல் பழையபடி மெலிந்துவிடும். ஆனால் வளைந்த நூல் தானாக நிமிராது. யாராவது இழுத்தால்தான் நிமிரும். கொடியில் தொங்கும்போது ஈரத்தின் பாரமே கொஞ்சம் இழுத்துவிடுகிறது. டிரையரில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. சூட்டில் உருண்டு, புரண்டு, குலுங்கிக் குலுங்கி, எவ்வளவு குறுக முடியுமோ அவ்வளவும் குறுகி அப்படியே காய்ந்து வெளியே வருகிறது.

லேபில் இருந்தபோது தினமும் செய்த வேலை இதுதான். துணியில் பாவு வாக்கில் மூன்று இடம், ஊடை (குறுக்கு நூல்) வாக்கில் மூன்று இடம் என்று அழியாத மையில் குறி வைப்போம். துவைத்து, காய வைத்து, ஆறப் போட்டு, அதே குறிகளை மறுபடி அளந்து சதவீதம் எழுதுவோம். துணி வாங்குகிற கம்பெனிக்காரர்களான பையர்கள் பெரும்பாலும் 3 சதவீதம் வரை ஒத்துக்கொள்வார்கள். கேட்கச் சின்னதாக இருக்கிறதா? 32 இஞ்ச் இடுப்பில் 3 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட ஒரு இஞ்ச். ரிப்போர்ட்டில் பாஸ் என்று எழுதின பேண்ட், வீட்டில் பட்டன் மாட்டாது. இந்தக் கணக்கைச் சொன்னால் எங்கள் சூப்பர்வைசர் சிரிப்பார், "அது கஸ்டமர் பாடும்மா" என்று.

இந்தச் சுருக்கத்தைக் கம்பெனியிலேயே முடித்து அனுப்பலாமே என்று யோசித்தவர் ஒருவர் உண்டு. சான்ஃபோர்டு குளூயெட். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் டிராய் ஊர்க்காரர்களான குளூயெட் பீபாடி கம்பெனியில் இருந்தவர். ஏரோ (Arrow) சட்டை தயாரித்தவர்கள் அவர்கள்தான். மில்லில் துணியை இழுத்துக்கொண்டே போவதுதான் நோய் என்று கண்டுபிடித்து, அதற்கு நேர் எதிராக ஒரு மெஷின் செய்தார். இப்போதைய மெஷினில் தடித்த ரப்பர் பெல்ட் உருளையின் வளைவில் போகும்போது அதன் மேல் முகம் நீளும். வளைவு முடிந்ததும் சுருங்கும். ஈரப்பதமாக உள்ள துணியை அந்த முகத்தோடு ஒட்டி அனுப்பினால் ரப்பர் சுருங்கும்போது துணியும் சேர்ந்து நெருங்கிவிடும். 1930-ல் அதற்குப் பேட்டன்ட் வாங்கினார். அவர் பேரிலேயே அது சான்ஃபரைஸ் ஆயிற்று. எங்கள் அப்பா காலத்துத் துணிக்கடைக்காரர்கள் கரையில் அடித்த அந்த முத்திரையைக் காட்டித்தான் துணி விற்பார்கள். அது ஒழுங்காகச் செய்யப்பட்ட துணி 1 சதவீதத்துக்கு மேல் சுருங்காது என்பது உத்தரவாதம். செய்யாத டெனிம் 7 முதல் 10 சதவீதம் வரை போகும். லீவைஸ் 501-ல் அப்படிச் செய்யாத ரகமும் உண்டு. அதைப் பெரிய சைஸில் வாங்கி, உடம்போடு தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்து, அப்படியே காய வைத்துத் தன் அளவுக்குக் கொண்டுவருகிறவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். நம்மூர் ஐப்பசியில் அந்த வேலை செய்தால் சளிதான் பிடிக்கும்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் பாடமாகச் சொல்லத் தேவையில்லை. சேலைக்கு ஃபால்ஸ் வைக்கும் முன்னால் நனைத்துக் காய வைக்காமல் யாராவது தைப்பார்களா? பிளவுஸ் லைனிங்கும் அப்படித்தான். நனைக்காமல் அடித்துவிட்டால் முதல் துவைப்பிலேயே கரை இழுத்துக்கொண்டு அலை அலையாக நிற்கும். சான்ஃபரைஸ் மெஷின் செய்கிற வேலையை நாம் ஒரு பக்கெட்டில் செய்துகொண்டிருக்கிறோம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கடைக்கு வரும் ஜீன்ஸைக் கவனித்தால் தொடையில் ஏறும், சீட்டில் ஏறும், பட்டன் மட்டும் மாட்டாது. கூடவே கால் நீளமும் குறைந்திருக்கும். அது ஏன் இடுப்பும் நீளமும் மட்டும்? சுருக்கத்தில் பெரும் பங்கு பாவு வாக்கில்தான் வரும், இழுபட்டது அதுதானே. காலில் பாவு மேலிருந்து கீழே ஓடுகிறது, அதனால் நீளம் குறைகிறது. இடுப்புப் பட்டியைப் பெரும்பாலும் துணியின் நீளவாக்கில் வெட்டுவார்கள். அப்போதுதான் அது போடப் போட இளகாமல் நிற்கும். ஆகவே பட்டியில் பாவு இடுப்பைச் சுற்றி ஓடுகிறது. தொடையின் சுற்றளவோ ஊடைப் பக்கம். சந்தேகம் இருந்தால் உங்கள் ஜீன்ஸையே திருப்பிப் பாருங்கள். நீல நூல் எல்லாம் பாவு, வெள்ளை நூல் எல்லாம் ஊடை. பட்டியில் நீல நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். பெண்கள் ஜீன்ஸ் சிலதில் பட்டியை வளைவாக வெட்டியிருப்பார்கள். அதில் நூல் கோணலாக ஓடும், அதனால் சீக்கிரம் இளகும். ரெண்டு நாளில் தொளதொளவென்றும் ஆகிவிடும், அது வேறு வயிற்றெரிச்சல்.

இது தெரிந்துவிட்டால் எங்கே இழுக்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை. உட்கார்ந்து எழுந்து நூறு பஸ்கி எடுத்தால் தொடையும் முட்டியும் இளகும், அவை முன்னமே சரியாகத்தான் இருந்தன. பட்டி அசையாது.

போன மாதம் ஒரு பையன் வந்தான். பெங்களூரில் வேலை, தங்கியிருக்கும் இடத்தில் துணியைப் பையில் போட்டுக் கொடுத்தால் காய்ந்து மடித்து வந்துவிடுமாம். நல்ல கனமான டெனிம், உள் லேபிளில் 100 சதவீதம் காட்டன் என்று இருந்தது. நல்லவேளை, அதே கம்பெனியில் அதே சைஸில் வாங்கின இன்னொன்று டிரையருக்குப் போகாமல் அவன் பையில் இருந்தது. இரண்டையும் மேஜையில் போட்டு, முன் பட்டியும் பின் பட்டியும் ஒன்றின் மேல் ஒன்று நேராக நிற்கும்படி வைத்து அளந்தேன். நல்லது முப்பத்து மூன்றரை. சுருங்கினது முப்பத்திரண்டு. ஒன்றரை இஞ்ச் போயிருந்தது. ஒன்றரையைத் திரும்ப வாங்கிவிடலாம். இரண்டரை, மூன்று என்றால் ஆசை காட்ட மாட்டேன்.

என்னிடம் ஒரு திருகுக் கட்டை இருக்கிறது. அரைவட்டமாகச் செதுக்கின ரெண்டு தேக்குக் கட்டை, நடுவே நீளமான மரை போட்ட கம்பி. கம்பியைத் திருகினால் கட்டை ரெண்டும் ஒன்றையொன்று விட்டு விலகும். கட்டையை ஆசாரி செய்தார், கம்பியை லேத் பட்டறையில் கடைந்தார்கள். இதையே ரெடிமேடாகவும் விற்கிறார்கள், ஆன்லைனில் கிடைக்கும். கட்டையின் முகத்தை மணல்தாள் போட்டு வழவழப்பாக்கி, மேலே வெள்ளைக் காடாத் துணி சுற்றியிருக்கிறேன். ஜீன்ஸின் நீலச் சாயமான இண்டிகோ ஈரத்தோடு மரத்தில் இறங்கிவிட்டால் அடுத்த ஆளின் வெளிர் ஜீன்ஸில் ஒட்டிக்கொள்ளும்.

பேண்ட் முழுவதையும் நனைக்கத் தேவையில்லை. இடுப்புப் பட்டியும் அதற்குக் கீழே ஒரு சாணும் போதும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அரை மணி நேரம் ஊறல். அவசரப்பட்டு மேலே ஸ்பிரே அடித்தால் பட்டிக்குள் ஈரம் போகாது. அங்கே துணி ரெண்டு மடிப்பு, சிலதில் நடுவே கேன்வாஸும் இருக்கும். ஊறினதைப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி எடுக்க வேண்டும். பிறகு ஜிப்பை ஏற்றி, பட்டனை மாட்டி, கட்டையை உள்ளே விட்டு, ரெண்டு கட்டையும் பக்கத் தையலுக்கு நேராக நிற்கும்படி வைத்துத் திருக ஆரம்பிப்பேன்.

இங்கேதான் பொறுமை. துணி இளகும், ஆனால் தையல் இளகாது. பருத்தித் துணியை பாலியஸ்டர் நூலில் தைத்திருக்கிறார்கள், அந்த நூல் சுருங்கவுமில்லை, நீளப்போவதுமில்லை. துணி சுருங்கினபோது தையல் கொஞ்சம் தொய்ந்திருக்கும் அல்லவா, அந்தத் தொய்வு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் இழுக்க இடம். பட்டியின் மேல் விளிம்புத் தையலைப் பார்த்துக்கொண்டே கால் திருகு, ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி கால் திருகு. ஊசி ஓட்டைகள் உருண்டையாகத் தெரிகிறவரை கவலையில்லை. அவை நீண்டு, உள்ளே வெள்ளை தெரிய ஆரம்பித்தால் கையை எடுத்துவிட வேண்டும். பட்டன் பக்கமும் ஒரு கண். ஜீன்ஸ் பட்டன் துணியைத் துளைத்து அடித்த ஆணியில் நிற்கிறது. இழுவை அங்கே குவிந்தால் ஓட்டை பெரிதாகிப் பட்டன் கையோடு வந்துவிடும்.

அந்தப் பையனுடையதை முப்பத்து நாலரை வரை கொண்டுபோனேன். வேண்டியதைவிட ஒரு இஞ்ச் அதிகம், விட்டால் கொஞ்சம் திரும்ப ஓடும் என்பதால். ராத்திரி முழுக்க ஃபேனுக்குக் கீழே கட்டையோடேயே வைத்தேன். ஈரம் முழுசாகப் போகிறவரை கட்டையை எடுக்கக் கூடாது. ஈரத்தோடு எடுத்தால் பழையபடி குறுகி உங்களைப் பார்த்துச் சிரிக்கும். காலையில் எடுத்தபோது முப்பத்து நாலு, சாயங்காலம் அவன் வரும்போது முப்பத்து மூன்றரையும் கொஞ்சமும். போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, லூஸா இருக்கே" என்றான். அதை என்னவென்று சொல்வது.

வீட்டில் கட்டை இல்லாதவர்களுக்கு: ஈரப் பட்டியை அயர்ன் பாக்ஸின் ஆவியில் சூடாக்கி, டேபிள் ஓரத்தில் ஒரு ஆள் பிடிக்க, இன்னொரு ஆள் இழுத்துப் பிடித்தபடியே ஆறவிடுங்கள். சூடாகவும் ஈரமாகவும் இருக்கும்போது இழுக்க வேண்டும். ஆறிக் காய்ந்த பிறகுதான் விட வேண்டும். இல்லாவிட்டால் ஈரப் பட்டியோடு பேண்டைப் போட்டுக்கொண்டு, பட்டன் மாட்டி, காய்கிறவரை நடமாடலாம். இதுவும் நன்றாகவே வேலை செய்யும், நம் வயிறே திருகுக் கட்டை. ஆனால் அன்றைக்கு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியிலும் வெளிர் சோஃபாவிலும் உட்காராதீர்கள். சாயம் ஒட்டினால் வீட்டில் சண்டை. முழு பேண்டையும் நனைத்துப் போட்டுக்கொண்டு திரியாதீர்கள். நம்மூர் வெக்கையில் தொடை இடுக்கில் அரிப்புதான் மிச்சம்.

லூப்பில் விரலை மாட்டி இழுப்பதை மட்டும் செய்யவே கூடாது. காலைத் தரையில் மிதித்துக்கொண்டு லூப்பைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லி ஒரு வீடியோ சுற்றுகிறது. லூப்பின் ரெண்டு நுனியிலும் நெருக்கமாகக் குத்தின தையல் இருக்கிறது. அது பெல்ட்டைத் தாங்க, ஆளைத் தாங்க அல்ல. அது துணியோடு பிய்ந்து வரும், பட்டியில் சின்ன விரல் போகிற ஓட்டை விழும். அதை டார்னிங் அடித்து மூட நான் காசு வாங்குகிறேன், எனக்கு நஷ்டமில்லை.

கண்டிஷனர் கேள்வி அடிக்கடி வரும். தலைக்குப் போடுகிற கண்டிஷனரை ஊறல் தண்ணீரில் கலந்தால் ஜீன்ஸ் நீளுமா? கண்டிஷனரில் இருப்பதும் துணிக்குப் போடும் சாஃப்ட்னரில் இருப்பதும் ஏறக்குறைய ஒரே குணமுள்ள சரக்கு. இழையின் மேல் படிந்து வழுக்கலாக்கும். நூல் நூலோடு உரசாமல் நகரும், இழுப்பது சுலபமாகும். அவ்வளவுதான். இழுக்காமல் வெறுமனே ஊற வைத்தால் வாசனையான குட்டை ஜீன்ஸ் கிடைக்கும். நான் ஊறல் வாளியில் ஒரு ஸ்பூன் சாஃப்ட்னர் விடுவதோடு சரி.

வினிகரைப் பற்றியும் கேட்பார்கள். அது சுருக்கத்துக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் நம்ம போர் தண்ணீரின் உப்பு படிந்து பலகை மாதிரி நிற்கிற ஜீன்ஸ் இருக்கிறதே, அது சுருங்கினதாகவே தோன்றும். கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர் விட்டால் துணி இளகும், பேண்டும் ஏறிவிடும்.

ஸ்ட்ரெச் ஜீன்ஸுக்கு இந்த வைத்தியம் பாதிதான் பலிக்கும். லேபிளில் 98 காட்டன், 2 எலாஸ்டேன் என்று இருக்கும். அந்த ரெண்டு சதவீதம்தான் எல்லா வித்தையும் காட்டுகிறது. 1958-ல் ட்யூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் செய்த இழை. லைக்ரா என்று நாம் சொல்வது அந்தக் கம்பெனி வைத்த பேர். ரப்பர் நூலுக்கு மாற்றாக வந்தது. ஜீன்ஸில் அது பெரும்பாலும் ஊடை நூலுக்குள் கருவாக, பருத்தி போர்த்தி இருக்கும். மில்லில் அதை உயர் சூட்டில் ஒரு அளவுக்குப் பதியவைத்துத்தான் அனுப்புகிறார்கள். அந்தப் பதிவு சரியில்லாத துணி டிரையர் சூட்டில் அகலவாக்கில் ஒடுங்கும். அப்போது தொடையும் பிடிக்கும், சீட்டும் பிடிக்கும். அதை இழுத்தால் நீளும், விட்டால் திரும்ப ஒடுங்கும், அதற்கு அதுதானே தொழில். மேலே மேலே இழுத்தால் எலாஸ்டேன் உள்ளே அறுந்து முட்டியில் பை தொங்கும். பழைய ஸ்ட்ரெச் ஜீன்ஸின் தொடையில் வெள்ளைச் சுருள் முடி போலச் சிலும்பிக்கொண்டு நிற்குமே, அது அறுந்த எலாஸ்டேன்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, போட்டுக்கொண்டு மெதுவாக இளக்குவது தவிர இதற்கு நான் வேறு சொல்வதில்லை. அயர்ன் பாக்ஸை அதிகச் சூட்டில் வைக்காதீர்கள். குளோரின் பிளீச் பக்கமே போகாதீர்கள், அது எலாஸ்டேனைத் தின்றுவிடும்.

நீளம். கால் குட்டையாகிப் போனால் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும், அதற்கு மனுஷக் கை போதாது. பேண்டை முழுக்க நனைத்து, ஸ்பின் போடாமல், பிழியாமல், பட்டியை நாலு கிளிப்பில் நிழல் கொடியில் தொங்கவிடுங்கள். நல்ல டெனிம் பேண்ட் ஈரமானால் சுமை சுமையாகக் கனக்கும், அந்தத் தண்ணீரே இழுக்கும். சொட்டு நின்ற பிறகு ஒவ்வொரு காலையும் தையலோரமாகப் பிடித்துச் சாண் சாணாகக் கீழ்நோக்கி நீவிவிடுங்கள். உள்தையலையும் வெளித்தையலையும் ஒரே அளவு நீவ வேண்டும். ஒன்றை மட்டும் நீவினால் கால் முறுக்கிக்கொண்டு பக்கத்தையல் முன்னால் வந்து நிற்கும். டெனிமே சாய்வுக்கோட்டு நெசவு, அதற்கு முறுக்கும் புத்தி ஏற்கெனவே உண்டு. அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் இப்படித் திரும்பும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பாட்டத்தைப் பிரிக்க வேண்டியதுதான். மடிப்பை விடுவித்து, உள்ளே பட்டித் துணி கொடுத்துத் தைத்தால் ஏறக்குறைய ஒரு இஞ்ச் கிடைக்கும். ஆனால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு போகவே போகாது. இண்டிகோ நூலின் மேல்தோலில்தான் ஏறுகிறது, உள்ளே வெள்ளை. தேய்ந்த இடத்தில் அந்த வெள்ளை வெளியே வந்துவிடும். கோடு தெரிந்தால் பரவாயில்லையா என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுப்பேன். காலேஜ் பிள்ளைகள் அதுதான் ஸ்டைல் என்கிறார்கள். அப்பாமார்கள் முகம் சுளிக்கிறார்கள்.

இழுத்தும் வராத இடுப்புக்குத் துணி சேர்ப்பதுதான் வழி. டெய்லர் தைத்த பேண்டில் பின்தையலுக்குள் ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் துணி விட்டிருப்பார். பிரித்து விட்டால் போதும். ஜீன்ஸில் அந்தச் சலுகை கிடையாது. ரெண்டு துணியையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்துக் கோர்த்து ரெட்டைத் தையல் அடித்திருப்பார்கள், உள்ளே விடுதுணியே இல்லை. ஆகவே பின்பட்டியை நடுவில் வெட்டி, பின்தையலைக் கொஞ்ச தூரம் பிரித்து, தலைகீழ் முக்கோணமாக ஒரு துண்டு வைக்கிறேன். ரெண்டு இஞ்ச் வரை சுகமாக இடம் கொடுக்கலாம். நடு லூப் அந்த ஒட்டின் மேலேயே வந்து உட்காரும்படி வைத்தால் பெல்ட் போட்ட பிறகு யாருக்கும் தெரியாது. அரை இஞ்சுக்காக வருகிறவர்களுக்கு இவ்வளவு செய்வதில்லை. பட்டனைப் பெயர்த்து விளிம்போரம் தள்ளி அடித்துவிடுவேன்.

இளக்கின பேண்ட் அடுத்த துவைப்பில் மறுபடி கொஞ்சம் பிடிக்கும், பயப்பட வேண்டாம். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, நிழலில் தொங்கவிட்டால் போதும். லேபிளில் சதுரத்துக்குள் வட்டம் போட்டிருந்தால் அது டிரையரைப் பற்றிய குறி. ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, ரெண்டு புள்ளி இருந்தால் சாதாரணச் சூடு, குறுக்கே பெருக்கல் குறி இருந்தால் உள்ளே போடவே கூடாது. வாங்கும்போதே இதைப் பார்க்கலாம், ஆனால் கடையில் எல்லாரும் விலைச்சீட்டைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், சுயநலம்தான். முக்கோணத் துண்டு வைக்கும்போது எனக்குப் பெரிய தலைவலி நிறம். எங்கள் ஊர் ஜவுளிச் சந்தையான கனி மார்க்கெட்டில் புது டெனிம் எத்தனை மீட்டர் வேண்டுமானாலும் கிடைக்கும், ஆனால் மூணு வருஷம் போட்டு வெளுத்த நீலத்துக்குப் பக்கத்தில் புது நீலம் ஒட்டாது. அதற்கு வெளுத்த பழைய ஜீன்ஸ்தான் வேண்டும். தரை துடைக்கப் போடுவதற்கு முன்னால் பழைய ஜீன்ஸ் இருந்தால் கடையில் கொடுங்கள். முட்டி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, முட்டிக்குக் கீழே பின்பக்கம் நல்ல துணி இருக்கும். கறுப்பு ஜீன்ஸ் வேண்டாம், அது நிறைய இருக்கிறது.